மட்டை, பந்து, சுவர்: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஹர்லிங் தொடங்குவது எப்படி

ஹர்லிங் என்பது மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் அயர்லாந்தின் மரபு ஆட்டம். அங்கே அதை ஆடுபவருக்குச் சம்பளம் கிடையாது. டப்ளினில் 82,300 பேர் அமரும் குரோக் பார்க் அரங்கில் ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம் ஆடியவர், கொண்டாட்டமெல்லாம் அடங்கியதும் வழக்கமான வேலைக்குத் திரும்பிவிடுவார். கிறிஸ்டி ரிங் எண்ணெய் லாரி ஓட்டினார். நிக்கி ராக்கார்ட் கால்நடை மருத்துவர். ஹென்றி ஷெஃப்ளின் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே 10 அகில அயர்லாந்துப் பட்டங்களை வென்றார். இப்படிப்பட்டவர்களை உருவாக்குவது கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய பயிற்சி மையம் அல்ல. சின்ன வயதிலிருந்து சுவரில் அடித்துப் பழகிய பழக்கம்தான் அடிப்படை. அந்தப் பழக்கத்துக்கு ஒரு மட்டை, ஒரு பந்து, தினமும் 20 நிமிடம் போதும். செந்தூலிலும் பட்டர்வொர்த்திலும் சுவருக்குப் பஞ்சமில்லை.

பள்ளியில் ஹாக்கியோ பூப்பந்தோ ஆடிய கை இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் ஹாக்கிக் கை கொண்டுவரும் ஒரு கெட்ட பழக்கத்தை முதல் நாளே களைய வேண்டும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம். பெண்கள் ஆடும் கமோகி கிட்டத்தட்ட இதே ஆட்டம்தான், பந்து மட்டும் ஒரு அளவு சிறியது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

ஆட்டம், சுருக்கமாக

அணிக்கு 15 பேர். திடல் 130 முதல் 145 மீட்டர் நீளமும் 80 முதல் 90 மீட்டர் அகலமும் இருக்கும்; காற்பந்துத் திடலைவிட நன்றாகவே பெரியது. கோல் கம்பங்கள் ரக்பியில் இருப்பதுபோல் மேலே நீண்டிருக்கும், நடுவில் குறுக்குக் கம்பம். அதற்குக் கீழே வலைக்குள் போனால் ஒரு கோல், அதாவது 3 புள்ளி. மேலே, இரு கம்பங்களுக்கு நடுவே போனால் 1 புள்ளி. ஸ்கோரை 1-23 என்று எழுதினால் ஒரு கோல், 23 புள்ளி, மொத்தம் 26 என்று பொருள். கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) அணிகளின் முதல்நிலை ஆட்டம் 70 நிமிடம், கழக ஆட்டம் 60 நிமிடம்.

பந்தைத் தரையிலிருந்து கையால் எடுக்கக் கூடாது. மட்டையால் கிளப்பித்தான் கைக்குக் கொண்டுவர வேண்டும். கையில் வைத்துக்கொண்டு 4 அடிக்கு மேல் எடுத்துவைக்கக் கூடாது. அதற்கு மேல் ஓட வேண்டுமானால் பந்தை மட்டையின் மேல் ஏந்திக்கொண்டு ஓடலாம். ஒரே ஓட்டத்தில் இரண்டு முறைக்கு மேல் கையில் பிடிக்க முடியாது. பந்தை எறிவது தவறு, கையால் தட்டிக் கொடுப்பது சரி. தோளோடு தோள் இடிக்கலாம். முதுகில் தள்ளினால் தவறு. புதியவர்கள் அதிகம் தவறுவது எறிவதிலும் அடி எண்ணுவதிலும்தான், ஆகவே சுவர்ப் பயிற்சியிலேயே நாலு அடி என்ற கணக்கைக் காலுக்குப் பழக்கிவிடுங்கள்.

ஓர் ஆட்டக்காரரின் பாதை

அயர்லாந்தில் பிள்ளைகள் ஐந்தாறு வயதில் தங்கள் ஊர்க் கழகத்தில் மட்டை பிடிக்கிறார்கள். கழகம் என்பது பிறந்து வளர்ந்த வட்டாரத்தின் கழகம். பெரும்பாலோர் கடைசிவரை அதிலேயே ஆடுவார்கள். அங்கே மின்னுபவர்களைக் கவுண்டி அணி கூப்பிடும்: முதலில் 17 வயதுக்குட்பட்டோர், பிறகு 20 வயதுக்குட்பட்டோர், பிறகு முதல்நிலை அணி. பல்கலைக்கழகம் போகிறவர்கள் நடுவில் ஃபிட்ஸ்கிப்பன் கிண்ணத்துக்காகவும் ஆடுவார்கள். முப்பதைத் தாண்டியதும் கவுண்டிச் சட்டையைக் கழற்றிவிட்டு ஊர்க் கழகத்துக்கே திரும்பி இன்னும் சில வருடம் ஆடுவது வழக்கம். 2022 முதல் வருடத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பாதி கவுண்டிக்கு, ஜூலை இறுதியாட்டத்தோடு அது முடியும், மீதி கழகத்துக்கு.

தொடங்குபவர் இந்தப் பாதையில் கவனிக்க வேண்டியது வயதை அல்ல, மணிநேரத்தை. ஷான் ஓக் ஓ ஹால்பின் 1977இல் ஃபிஜியைச் சேர்ந்த ரொட்டுமா தீவில் பிறந்தார். தாய் ரொட்டுமாக்காரர், தந்தை அயர்லாந்துக்காரர். சிட்னியில் வளர்ந்து, 1988இல்தான் குடும்பத்தோடு கார்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஐந்து வயதிலிருந்து ஆடிய பிள்ளைகளோடு போட்டியிட்டு, 2004இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும், 2005இல் அணித்தலைவராக அகில அயர்லாந்து வெற்றியாளருக்கான லியம் மெக்கார்த்தி கிண்ணத்தையும் வாங்கினார். ஸாக் மொராடி ஈராக்கில் பிறந்த குர்திஷ்காரர்; 11 வயதில் லீட்ரிம் கவுண்டிக்கு வந்தவர். 2019இல் கீழ்நிலை அணிகளுக்கான லோரி மீகர் கிண்ணத்தை வென்ற லீட்ரிம் அணியில் ஆடினார். இருவருமே தாமதமாக மட்டை பிடித்தவர்கள்.

மலேசியர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பெயர் லீ சின். இவர் வெக்ஸ்ஃபர்ட் கவுண்டிக்காரர், ஊர்க் கழகம் ஃபேய்த் ஹாரியர்ஸ், தந்தை மலேசியர். 2019இல் வெக்ஸ்ஃபர்ட் 15 வருடத்துக்குப் பிறகு லெய்ன்ஸ்டர் மாகாணப் பட்டத்தை வென்றபோது அணித்தலைவர்களில் ஒருவர் இவர். அயர்லாந்தின் இன்னொரு மரபு ஆட்டமான கேலிக் காற்பந்திலும் தன் கவுண்டிக்காக ஆடியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு ஒரு முன்மாதிரியைக் காட்ட வேண்டுமென்றால் முதலில் இவரைக் காட்டுங்கள். இவருடைய ஆட்டத்தில் கற்க நிறைய இருக்கிறது. உயரப் பந்துக்குக் கையை நீட்டும் நேரத்தையும், இடி வாங்கிக்கொண்டே பந்தைக் காப்பதையும் பாருங்கள்.

ஷெஃப்ளினிடம் கற்க வேண்டியது காயத்தைப் பற்றியது. 2010 அரையிறுதியில் அவருடைய முழங்காலில் குறுக்குத் தசைநார் கிழிந்தது. நாலே வாரத்தில் இறுதியாட்டத்தில் இறங்கினார்; முதல் பாதியிலேயே வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு முழுமையாகக் குணமாகித் திரும்பி, 2012இல் மூன்றாம் முறையாக ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அப்படிப்பட்ட உடம்புக்கே அவசரம் ஒத்துவரவில்லை. முழங்காலில் 'டக்' என்று சத்தம் கேட்டு வீங்கினால், ஐஸ் வைத்துவிட்டு அடுத்த வாரம் ஆடலாம் என்று நினைக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மட்டை வாங்கும்போது

மரபான மட்டை ஆஷ் மரத்தில் செய்வது. மரத்தின் அடிப்பாகம், வேர் வளையத் தொடங்கும் இடத்தோடு சேர்த்து ஒன்றேகால் மீட்டர் சொச்சம்தான் இதற்குப் பயன்படும். அங்கே மர ரேகை இயல்பாகவே வளைந்திருப்பதால், மட்டையின் அகன்ற தலையும் அதே வளைவில் வலுவாக அமைகிறது. மட்டையைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் சாய்த்து இந்த ரேகையைப் பாருங்கள். கைப்பிடியில் நேராக ஓடி, தலைக்குள் நுழையும்போது வளைந்து, நுனிவரை தொடர்ந்து போக வேண்டும். ரேகை பாதியில் குறுக்கே வெட்டுப்பட்டு விளிம்பில் முடிந்தால், முதல் பலமான மோதலில் சரியாக அந்த இடத்திலேயே பிளக்கும். எடை, வண்ணம், ஸ்டிக்கர் இவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அளவு அங்குலத்தில் சொல்வார்கள். கையைத் தொங்கவிட்டு நேராக நில்லுங்கள். மட்டைத் தலை தரையில் இருக்க, கைப்பிடி நுனி இடுப்பெலும்பு உயரத்துக்கு வந்தால் சரி. பெரியவர்களுக்கு 32 முதல் 36 அங்குலத்துக்குள் அமையும். இரண்டு அளவுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் சிறியதை எடுங்கள். நீளமான மட்டை வைத்திருப்பவருக்குக் குனியும்போது கைப்பிடி நுனி வயிற்றில் இடிக்கும். மட்டையைத் தரையோடு படுக்கவைக்க முடியாது. நெருக்கடியில் சுழற்றவும் நேரம் பிடிக்கும். தலையின் அகலம் 13 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி.

ஆஷ் மரங்களைக் காயவைத்துக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் 2012இல் அயர்லாந்தில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு மூங்கில் மட்டைகளும் செயற்கைப் பொருள் மட்டைகளும் பெருகிவிட்டன. நம் ஊர்க்காரர்களுக்கு எங்கள் பரிந்துரை: சுவருக்குச் செயற்கை மட்டை ஒன்று, திடலுக்கு ஆஷ் மட்டை ஒன்று. செயற்கை மட்டை மழை, ஈரம், கார் வெப்பம் எதையும் பொருட்படுத்தாது. ஆனால் பந்து மட்டையில் பட்டதும் கைக்கு வரும் உணர்வு ஆஷில்தான் தெளிவாக இருக்கும். அது தெரிந்தால்தான் பந்தைத் தணித்து நிறுத்தப் பழகும்.

கைப்பிடிக்குத் தனியாக எதுவும் வரவழைக்க வேண்டாம். பூப்பந்து ராக்கெட்டுக்குச் சுற்றும் கிரிப் எந்த விளையாட்டுக் கடையிலும் கிடைக்கும். ஹர்லிங் கைப்பிடி தடிமனும் நீளமும் கூடியது என்பதால் ஒரு சுருள் எட்டாது, இரண்டு வாங்குங்கள். மேல் நுனியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை மூன்றில் ஒரு பங்கு மூடும்படி இழுத்துச் சுற்றிக் கீழே டேப் ஒட்டுங்கள். நம் வியர்வைக்கு மூன்று நான்கு வாரத்தில் வழுக்க ஆரம்பிக்கும். வழுக்கும் மட்டை பக்கத்தில் இருப்பவர் முகத்துக்குப் பறக்கும். கிரிப்பில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பந்தும் ஹெல்மெட்டும்

பந்துக்கு ஸ்லிதர் என்று பெயர். உள்ளே கார்க், மேலே இரண்டு தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த உறை. தைத்த இடம் வரப்புபோல மேலெழும்பி இருக்கும். அந்த வரப்பில்தான் விரலும் மட்டையும் பிடி கொள்கின்றன. விட்டம் 69 முதல் 72 மில்லிமீட்டர், எடை 110 முதல் 120 கிராம். கிரிக்கெட் பந்தைவிட இலேசு, டென்னிஸ் பந்தைப்போல இரு மடங்கு கனம். தண்ணீரில் ஊறினால் தோல் உப்பி எடை கூடும், எகிறும் விதமும் மாறிவிடும். லோங்காங்கில் விழுந்த பந்தைத் துடைத்து, விசிறிக்கு அடியில் இரண்டு நாள் உலரவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் தோல் வெடிக்கும். தையல் பிரிந்த பந்தால் அடிக்கக் கூடாது. முதல் இரண்டு வாரத்துக்குச் சாதாரண டென்னிஸ் பந்தே போதும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அது இன்னொரு வகையிலும் நல்லது, பக்கத்து வீட்டார் சண்டைக்கு வர மாட்டார்கள்.

முகக் கம்பி பொருத்திய ஹெல்மெட் 2010 முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயம். ஐ.எஸ். 355 என்ற அயர்லாந்துத் தரமுத்திரை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கிரிக்கெட் ஹெல்மெட்டை வைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். அதன் கம்பி இடைவெளி கிரிக்கெட் பந்தை மனதில் வைத்துச் செய்தது, மட்டை நுனியை அல்ல. பார்வை மறைக்கிறது என்று ஹர்லிங் ஹெல்மெட்டின் கம்பியை வளைப்பதோ நடுவில் ஒன்றை அறுத்து எடுப்பதோ வேண்டவே வேண்டாம். நம் ஈரப்பதத்தில் கம்பியைப் பிடித்திருக்கும் திருகுகள் துருப்பிடிக்கும்; மாதம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் மெத்தையை ஆட்டம் முடிந்த அன்றே துடைத்து உலர்த்தாவிட்டால் நாற்றத்தோடு தலையில் தோல் தொற்றும் வரும்.

பந்தைப் பிடிக்கும் கைக்கு மட்டும் மாட்டும் கையுறை ஒன்று உண்டு. விரல் எலும்புக் காயம் இந்த ஆட்டத்தில் சகஜம் என்பதால் ஆரம்பத்திலிருந்தே போட்டுப் பழகுங்கள்.

நம் வெக்கையில் மட்டையைக் காப்பாற்றுவது

அயர்லாந்துக் கடைக்காரர் சொல்லாத பகுதி இது. ஆஷ் மட்டையைக் கார் பூட்டில் வைத்துவிட்டுப் போனால், மத்தியான வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி காயும். மரம் சுருங்கி வெடிப்பு விடும், கைப்பிடி ஒரு பக்கம் கோணும். மறுபுறம், மழையில் நனைந்த மட்டையைப் பையோடு மூலையில் சாத்தினால் தலை தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். ஆடி முடித்ததும் துணியால் துடையுங்கள். வீட்டுக்குள், காற்றோட்டமான இடத்தில், கைப்பிடி மேலே இருக்கும்படி தொங்கவிடுங்கள் அல்லது தரையில் கிடைமட்டமாக வையுங்கள். சுவரில் சாய்த்தே மாதக்கணக்கில் வைத்தால் வளையும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிறிதளவு ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மரத்தில் தேய்த்து, ஒரு நாள் விட்டு மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். கைப்பிடியில் எண்ணெய் படக் கூடாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்துவிட்டுப் பிறகு எறியுங்கள்.

மட்டைத் தலையைச் சுற்றி மெல்லிய தகடு ஒன்றோ இரண்டோ சிறு ஆணிகளால் அறைந்திருப்பார்கள். தலை பிளக்காமல் காப்பது அதுதான். இங்கே முதலில் கெடுவதும் அதுதான்: மரம் ஈரத்தில் உப்பி, காய்ந்து சுருங்கும்போது ஆணி தளர்ந்து தகட்டின் ஓரம் தூக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை நெருடிப் பாருங்கள். நகம் உள்ளே போனால் ஆணியைத் தட்டி இறுக்கி, மேலே துணி டேப் சுற்றுங்கள். தூக்கிய தகடு கையைக் கத்திபோலக் கிழிக்கும்.

பிடி: ஹாக்கிக்காரர்கள் கவனத்துக்கு

ஹாக்கியில் வலக்கைக்காரருக்கும் இடது கை மேலே, வலது கை கீழே. ஹர்லிங்கில் தலைகீழ்: பலமான கை மேலே. வலக்கைக்காரர் மட்டையை வலது கையில் வைத்துக்கொண்டு, இடது கையால் பந்தைப் பிடிப்பார். அடிக்கும் நேரத்தில் மட்டும் இடது கை கீழே வந்து சேரும். வலப்பக்கம் அடித்தாலும் இடப்பக்கம் அடித்தாலும் இந்தப் பிடி மாறாது.

பழைய பிடியோடு தொடங்கினால் முதல் வாரத்தில் எல்லாம் நன்றாகவே போவதுபோல் தோன்றும், வலப்பக்க அடி பலமாகக்கூட வரும். சிக்கல் ஆட்டத்தில்தான் தெரியும். பந்தைப் பிடித்த பிறகு மட்டை பலவீனமான கையில் இருக்கும். இடப்பக்கம் திரும்பி அடிக்க வராது. எதிராளி இரண்டு நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்து உங்களை அந்தப் பக்கமே ஒதுக்கித் தள்ளுவார். மாற்ற ஒரே வழி, முதல் இரண்டு வாரம் மட்டையைப் பலமான கையிலேயே வைத்திருப்பது. நடக்கும்போதும், தண்ணீர் குடிக்கும்போதும் அந்தக் கையில்தான். கீழ்க்கை வந்து அமர வேண்டிய இடத்தில் வண்ண டேப் ஒரு சுற்று ஒட்டிவைத்தால் பார்க்காமலே கை அங்கே போய்ச் சேரும்.

சுவர்

அயர்லாந்து ஊர்களில், பந்தைக் கையால் சுவரில் அடித்து ஆடும் ஹேண்ட்பால் ஆட்டத்துக்காகக் கட்டிய உயரமான சிமெண்ட் சுவர்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஹர்லிங் பிள்ளைகள் அதில் அடித்துத்தான் கை தேறினார்கள். நமக்கு ஃபுட்சால் அரங்கின் பக்கச் சுவர், ஸ்குவாஷ் அரங்கு, தமிழ்ப்பள்ளியின் பின்சுவர் எதுவானாலும் சரி. ஜன்னல் இல்லாமல், தரை சமமாக, அனுமதி உள்ளதாக இருக்க வேண்டும். தனியாக அடிக்கும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். மூன்று மீட்டரில் திரும்பி வரும் பந்துக்குக் கண் சிமிட்டக்கூட நேரம் இருக்காது.

முதல் இரண்டு வாரம்: டென்னிஸ் பந்து, சுவரிலிருந்து 3 மீட்டர். மட்டையைப் பாதி நீளத்தில் சுருக்கிப் பிடித்து, மெதுவாகச் சுவரில் தட்டுங்கள். வரும் பந்தை மட்டைத் தலையில் வாங்கி, கையில் பிடித்து, மறுபடி தட்டுங்கள். 20 தட்டுகள், ஒரு நிமிட ஓய்வு, இப்படி ஐந்து சுற்று. மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம்வரை: உண்மையான பந்து, 5 மீட்டர், முழுப் பிடி, வலப்பக்கம் 20, இடப்பக்கம் 20 என்று மாற்றி மாற்றி. ஏழாவது வாரத்திலிருந்து: 7 அல்லது 8 மீட்டர், நின்ற இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் நகர்ந்தபடி, கையில் பிடிக்காமல் மட்டையாலேயே தணித்து உடனே அடிப்பது.

எண்ண வேண்டியது தவறிய பந்துகளை. 20இல் 5க்கு மேல் தவறினால் ஒரு மீட்டர் முன்னே வாருங்கள். இரண்டுக்குக் கீழே இறங்கினால் ஒரு மீட்டர் பின்னே போங்கள். இந்தக் கணக்கை விட்டுவிட்டு எல்லோரும் செய்யும் தவறு, முதல் நாளே 10 மீட்டரில் நின்று பலமாக விளாசுவது. பந்து பொறுக்குவதிலேயே 20 நிமிடமும் போய்விடும்.

மட்டையில் பட்ட பந்து ஒன்றிரண்டு மீட்டர் தெறித்து ஓடினால் பிடி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். விரல்களைத் தளர்த்தி, பந்து படும் நொடியில் மட்டையைக் கொஞ்சம் பின்னால் போகவிடுங்கள். பந்து காலடியில் விழும். பந்து மட்டைக்கு மேலே தாண்டிப் போனால் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இடப்பக்கம் மட்டும் தவறிக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கத்துக்கு இரட்டிப்புச் சுற்று கொடுங்கள். வேறு மந்திரம் கிடையாது.

தரையிலிருந்து கைக்கு

நின்ற பந்தைக் கிளப்ப இரண்டு வழி. முதலாவதில், பந்துக்குப் பக்கத்தில் ஒரு காலை ஊன்றி, முழங்காலையும் முதுகையும் நன்றாக மடக்கிக் குனிந்து, மட்டையைத் தரையோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்து, கட்டைவிரல் மட்டைத் தலையை நோக்கியிருக்க, தலையைப் பந்துக்கு அடியில் சட்டென்று செருகுங்கள். பந்து தானாக எழும்பும். மற்றக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பந்து எழாமல் முன்னால் உருண்டு ஓடினால் மட்டை செங்குத்தாக நிற்கிறது. அதாவது நீங்கள் போதுமான அளவு குனியவில்லை. சோர்ந்தவர்கள் முதலில் தவறவிடுவது இதைத்தான். ஆகவே இதைப் பயிற்சியின் கடைசியில், கால் களைத்த பிறகு 30 முறை செய்யுங்கள்.

இரண்டாவதில், மட்டைத் தலையின் நுனியைப் பந்தின் உச்சியில் வைத்துத் தன் பக்கம் உருட்டி, உருண்டுவரும் பந்துக்கு அடியில் மட்டையைக் கொடுத்துத் தூக்க வேண்டும். கற்பது சுலபம், ஆனால் நேரம் பிடிக்கும். நம் திடல்களின் அடர்ந்த மாட்டுப்புல்லில் பந்து சரியாக உருளாது. அதனால் முதல் வழியையே முதன்மையாகப் பழகுங்கள் என்போம்.

கையிலிருந்து அடிக்கும்போது பந்தைத் தோள் உயரத்துக்கு மேல் போடாதீர்கள். முன்காலை எடுத்துவைத்து, இரு கையும் சேர்ந்து, பந்து முழங்கால் உயரத்துக்கு இறங்கும்போது அடி விழ வேண்டும். உயரமாகப் போட்டால், பின்னால் இருப்பவர் மட்டையை நீட்டி உங்கள் வீச்சைத் தடுக்க அவகாசம் கிடைக்கும்.

பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தைத் தரையில் வைத்து, அடியில் கீறிக் கிளப்புவது தனிக் கலை. 2020 அரையிறுதியில் கால்வே அணியின் ஜோ கேனிங் லிமரிக்குக்கு எதிராக அப்படி நாலு பந்துகளை நேராகக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார். அந்தக் காணொளியைப் பாருங்கள், ரசியுங்கள். பழகத் தொடங்கி ஆறு மாதம் ஆகும்முன் முயல வேண்டாம், மட்டைத்தலைதான் உடையும்.

மோதல்

எதிராளி அடிக்கப் போகும்போது பயந்து பின்வாங்குவதே மிக ஆபத்தான செயல். மட்டையின் வேகம் அதன் நுனியில், வீச்சின் முடிவில்தான் அதிகம். ஒரு அடி பின்னே நிற்பவர் சரியாக அந்த இடத்தில் கையை நீட்டுகிறார். நெருங்கிப் போங்கள். உங்கள் முன்தோள் அவர் உடம்பை ஒட்டியிருக்க, இரு கையாலும் பிடித்த மட்டையை அவர் மட்டை கீழே வரும் வழியில் வையுங்கள். வீச்சு வேகம் பிடிக்கும் முன்பே நின்றுவிடும். இதை ஜோடியாக, முதலில் நடை வேகத்தில், பந்தில்லாமல் பழகுங்கள். எட்டாத தூரத்தில் பின்னால் இருந்தால் மட்டும், ஒரு கையால் மட்டையை முழு நீளத்துக்கு நீட்டி அவர் வீச்சை இடையில் மாட்டி நிறுத்தலாம்.

உயரப் பந்தைப் பிடிக்கும்போது, பந்து பிடிக்கும் கைக்கு முன்னால் மட்டையைக் கேடயமாகத் தூக்கி வையுங்கள். கை அதற்குப் பின்னே, முகத்துக்குச் சற்று மேலே, விரல்கள் தளர்வாக. கையை மட்டும் வெறுமனே நீட்டினால் நாலு மட்டைகளுக்கு நடுவே உங்கள் விரல் மட்டும் நிற்கும்.

திடலும் வானிலையும்

முழு அளவுத் திடலைத் தேடி அலைய வேண்டாம். காற்பந்துத் திடலில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடினால் ஒவ்வொருவருக்கும் பந்து கூடுதலாகக் கிடைக்கும். புதியவர்களுக்கு அதுவே மேல். ரக்பி கம்பம் உள்ள திடல் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் அகலம் 5.6 மீட்டர், குறுக்குக் கம்பம் 3 மீட்டர் உயரம், ஹர்லிங்கில் 6.5 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம். குறுகலான, உயரமான குறியில் பழகியவருக்கு உண்மையான கம்பம் அகலமாகத் தெரியும். செயற்கைப் புல் ஹாக்கி அரங்கில் தகடு போட்ட மட்டையோடு இறங்காதீர்கள், தளம் கிழிந்தால் அனுமதி மறுபடி கிடைக்காது.

கோலாலம்பூரில் ஒராங் ஏய்ரா என்ற கேலிக் ஆட்டக் கழகம் இருக்கிறது. அங்கே கேலிக் காற்பந்துக்கே முதலிடம். ஆனாலும் மட்டை பிடிக்கத் தெரிந்தவர்களைச் சந்திக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

காலை 7 மணிக்குத் தொடங்கி 9க்குள் முடியுங்கள். மாலையில் ஆடினால் இடிமழையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க நேரும். இடிச் சத்தம் கேட்டவுடன் எல்லோரும் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். ஹெல்மெட் போட்ட தலை நம் வெக்கையில் சீக்கிரம் சூடேறும், ஆகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடிக்க வையுங்கள். தலைசுற்றல், குமட்டல், நடுக்கம் என்று யாராவது சொன்னால் அவருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஸ்குவாஷ் அரங்குச் சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆட்டம் பார்ப்பதும் பயிற்சிதான்

வெளிநாட்டு ரசிகர்களுக்கு ஜி.ஏ.ஏ. (அயர்லாந்தில் ஹர்லிங்கை நடத்தும் சங்கம்) பிளஸ் என்ற இணைய ஒளிபரப்பு உண்டு. கோடைக்காலத்தில் அயர்லாந்துக்கும் நமக்கும் 7 மணிநேர வித்தியாசம்; அங்கே பிற்பகல் 3.30 ஆட்டம் இங்கே இரவு 10.30க்கு. பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் பிடிபடாது. ஒரே ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து, 10 நிமிடம் அவரை மட்டும் பாருங்கள்: பந்து 60 மீட்டர் தள்ளி இருக்கும்போது எங்கே நிற்கிறார், பந்து கிளம்பும் முன்பே எந்தப் பக்கம் நகர்கிறார், கைக்கு வந்தபின் எத்தனை அடி எடுத்துவைத்து அடிக்கிறார். ஒரு தாளில் குறியுங்கள்.

லிமரிக், கில்கெனி போன்ற பெரிய அணிகளை மட்டும் பார்க்காதீர்கள். ஜோ மெக்டோனா, கிறிஸ்டி ரிங், நிக்கி ராக்கார்ட், லோரி மீகர் என்று பழைய ஆட்டக்காரர்களின் பெயர் தாங்கிய கீழ்நிலைக் கிண்ணங்கள் இருக்கின்றன. அங்கே ஆட்டம் ஒரு மாத்திரை மெதுவாக நடக்கும். யார் எங்கே தவறுகிறார், ஏன் தவறுகிறார் என்று புதியவரின் கண்ணுக்கும் தெரியும்.

டப்ளினுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

ஜார்ஜ்டவுனில், ஆர்.சி.எஸ்.ஐ., யு.சி.டி. என்ற இரு டப்ளின் பல்கலைக்கழகங்களின் மலேசியா வளாகத்தில் மருத்துவம் சேருகிறவர்கள் முதல் இரண்டரை வருடத்தை டப்ளினில் படித்துவிட்டுப் பினாங்குக்குத் திரும்புகிறார்கள். நம் பிள்ளைகள் பலருக்கு இந்த வாய்ப்பு கையிலேயே இருக்கிறது. செப்டம்பரில் கல்லூரி திறந்ததும் மாணவர் சங்கங்களின் மேசைகளில் ஹர்லிங் அல்லது கமோகி கழகத்தைத் தேடிப் பெயர் கொடுங்கள். மட்டை பிடித்ததே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரிந்ததுபோல் நடித்தால் அனுபவசாலிகளோடு போட்டுவிடுவார்கள், விரல் போகும். போவதற்கு முன் இங்கே 12 வாரம் சுவர்ப் பயிற்சி முடித்திருந்தால் இரண்டு பக்கமும் அடிக்க வரும், பிடியைத் திருத்த யாரும் நேரம் செலவழிக்க வேண்டியிருக்காது. தேர்வுக் காலத்தில் வாரம் ஒருமுறைக்கு மேல் திடலுக்குப் போக முடியாது. அங்கே கவுண்டிக்காக ஆடும் மாணவர்களும் படிப்பையும் ஆட்டத்தையும் இப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

திரும்பி வரும்போது ஆளுக்கு இரண்டு ஆஷ் மட்டையும் அரை டஜன் பந்தும் வாங்கி வாருங்கள். இங்கே காத்திருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. மட்டையை விமானத்துக்குள் கையோடு எடுத்துப்போக விட மாட்டார்கள். ஹாக்கிப் பையில் வைத்து, மட்டைத் தலைகளைத் துண்டால் சுற்றி, சரக்குச் சாமான்களோடு போடுங்கள். வந்ததும் உடனே வெயிலில் ஆடாமல், கிரிப்பைப் பிரித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே ஒரு வாரம் கிடக்கவிடுங்கள். மரம் நம் ஈரப்பதத்துக்கு உப்பி அடங்கிய பிறகு தகட்டு ஆணிகளை ஒருமுறை தட்டி இறுக்கிவிட்டுத் திடலுக்குக் கொண்டுபோகலாம்.